படுக்கையிலிருந்து தெரியும் மரம்

மருத்துவமனை ஒன்றின் உள்நோயாளர் பிரிவுக்கு நான் வரைந்த முதல் வரைபடத்தில், சன்னல்கள் நிற்பவரின் கண்மட்டத்துக்கே பொருந்தியிருந்தன. படுத்திருப்பவருக்கு வானத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரியும் என்பதை நான் கவனிக்கவில்லை. சுற்றுச்சூழல் உளவியல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகே பிழை புலப்பட்டது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரை, வயது, பாலினம் முதலியவை ஒத்த 23 இணைகளாக அவர் ஒப்பிட்டபோது, சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவாக வீடு திரும்பியிருந்தனர். வீரியமிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. ஒரே மருத்துவமனையின் பதிவேடுகளைக் கொண்டு செய்த சிறிய ஆய்வு என்பதால், அதை விதியாகக் கொள்ளாமல் கேள்வியாக எடுத்துக்கொண்டேன். கட்டில் உயரத்திலிருந்து பார்வைக்கோடுகளை வரைந்து பார்த்து, சன்னலின் அடிமட்டத்தைத் தாழ்த்தினேன், கட்டில்களைத் திருப்பினேன், எதிரே திட்டமிட்டிருந்த வாகன நிறுத்தத்தை அகற்றி, அந்த இடத்தை மரங்களுக்கு விட்டேன்.