போகிற ஊர் எப்படிச் சுற்றுலாத் தலம் ஆனது? கண்டுபிடிக்கும் வழி

வெளியூர் கிளம்பும்முன் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று தேடுவது எல்லோரும் செய்வதுதான். கூடவே இன்னொன்றையும் தேடுங்கள்: இந்த ஊருக்கு முதன்முதலில் வெளியாட்கள் எதற்கு வந்தார்கள்? இது தெரிந்துவிட்டால் அதே கடற்கரையும் அதே கோட்டையும் வேறு மாதிரி தெரியும்.

முதலில் பழைய காரணத்தைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது சாமியாகவோ, உடம்பாகவோ, வியாபாரமாகவோ, படிப்பாகவோ இருக்கும். இங்கிலாந்தின் பிரைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1750களில் ரிச்சர்ட் ரசல் என்ற மருத்துவர் கடல்நீரில் குளித்தால் நோய் தீரும், அதைக் குடித்தாலும் தீரும் என்று சொல்ல, வசதி படைத்தவர்கள் வைத்தியத்துக்காக அங்கே வர ஆரம்பித்தார்கள். உல்லாசக் கடற்கரை என்பதெல்லாம் அப்புறம் வந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் பிரபு வீட்டுப் பிள்ளைகள் இத்தாலி வரை போய் வந்தது படிப்பின் ஒரு பகுதியாக.

அதற்காக, வெறுமனே வேடிக்கை பார்க்கப் போவது புதுப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்தின் லக்சர் அருகே மெம்னோன் சிலைகள் என்று இரண்டு பிரம்மாண்டமான கற்சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன. நிலநடுக்கத்தில் உடைந்த ஒரு சிலை விடியற்காலையில் ஒலி எழுப்பியதாம், அதைக் கேட்கவே ரோமானியர் காலத்தில் ஆட்கள் பயணம் செய்து வந்தார்கள். கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியனே வந்தார். கூட வந்த ஜூலியா பால்பில்லா என்ற பெண் கவிதை எழுதிச் சிலையின் காலில் பொறிக்க வைத்தார். வந்தோம், கேட்டோம் என்று அந்தக் கால்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே போனால் சிலையின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், காலையும் பாருங்கள்.

அடுத்து, கூட்டத்தைக் கொண்டுவந்தது எந்த வண்டி என்று பாருங்கள். வரைபடத்தைத் திறந்து பழைய ஓட்டல்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று கவனியுங்கள். ரயில் நிலையத்தைச் சுற்றி இருந்தால் அந்த ஊரை வளர்த்தது ரயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலிருந்து பக்கத்து ஊரான லஃபரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் கூட்டிப் போனார். மொத்தமாகச் சீட்டு எடுத்து, எல்லா ஏற்பாட்டையும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் இன்றைய பேக்கேஜ் டூர் இப்படித்தான் வேர்விட்டது. பழைய கட்டடமே அதிகம் இல்லாமல் கடலோரம் முழுக்க அடுக்குமாடி ஓட்டல்களாக நின்றால், விமானம் வளர்த்த ஊர் என்று யூகிக்கலாம். மீன்பிடி ஊராக இருந்த ஸ்பெயினின் பெனிடோர்ம் அப்படி மாறியதுதான்.

பலரும் மறந்துவிடுவது விடுமுறையை. வண்டி இருந்து என்ன, லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்றால் யார் கிளம்புவார்கள்? 1936இல் பிரான்ஸ் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை தந்தது. 1938இல் பிரிட்டனும் சட்டம் போட்டது. என்னைக் கேட்டால் சுற்றுலா வரலாற்றில் ரயிலுக்கு இணையான இடம் இதற்கு உண்டு. 1950இல் உலகம் முழுவதும் எல்லை தாண்டிய சுற்றுலா வருகை சுமார் 2.5 கோடி. 2019இல் அது 140 கோடியைத் தாண்டிவிட்டது.

சரி, இப்போது ஊருக்குள் நடங்கள். பகல் கூட்டம் வரும்முன், காலையிலேயே. நினைவுப் பொருள் கடைகளை விடுங்கள், மருந்துக் கடை, காய்கறிக் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் எத்தனை தெருவுக்கு ஒன்று இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இவை குறையக் குறைய ஊர்க்காரர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெனிஸின் பழைய நகரத்தில் 1950களின் தொடக்கத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் குடியிருந்தார்கள், இப்போது ஐம்பதாயிரம்கூட இல்லை. 2024 முதல் நெரிசலான நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் அங்கே கட்டணம் வாங்குகிறார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018இல் மூடி, பவளப்பாறைகள் தேறட்டும் என்று 2022 வரை பொறுத்திருந்தார்கள்.

அதனால் முடிந்தால் அந்த ஊரில் இரவு தங்குங்கள். ஊர்க்காரர்கள் போகிற கடையில் ஏதாவது வாங்குங்கள், வயதான யாராவது இருந்தால் இங்கே வந்த முதல் ஓட்டல் எது, அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.