முதல் ரோடு பைக்: வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோடு பைக், அதாவது ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்த, ஒல்லி டயர் போட்ட வேகச் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லது?" என்றுதான். அடுத்த கேள்வி எடை எவ்வளவு, அதற்கடுத்தது கியர் எத்தனை. தன் கால் எவ்வளவு நீளம், தினமும் எந்த ரோட்டில் ஓட்டப்போகிறோம் என்ற இரண்டையும் யோசிக்காமலேயே பில் போட்டுவிடுகிறார்கள். சைக்கிளை மட்டும் பார்த்து வாங்குவதால்தான், ஆசையாக வாங்கிய எத்தனையோ நல்ல சைக்கிள்கள் ஆறே மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேருகின்றன. உடம்புக்கும் ஊர் ரோட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் சரிசெய்துகொள்ளக் கூடியவை.

அளவில் சமரசம் வேண்டாம்

சாதாரண சைக்கிளில் அளவு பெரிய தொந்தரவு தராது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறோம், ஹேண்டில்பாரும் நம்மை நோக்கி வளைந்திருக்கும். அப்பா சைக்கிளில் குரங்கு பெடல் போட்டே பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் ஏராளம். ரோடு பைக்கில் அது நடக்காது. குனிந்து, கையை நீட்டி, கிட்டத்தட்ட ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்கார வேண்டும். பிரேம் இரண்டு செ.மீ. நீளமாக இருந்தாலே போதும், கழுத்தும் தோளும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடையில் இப்படிச் சொல்வார்கள்: "உங்க சைஸ் ஸ்டாக் இல்ல சார். இது ஒரு சைஸ்தான் பெரிசு, சீட்டை இறக்கிக்கலாம்." சீட்டை இறக்கினால் கால் எட்டும், கைக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும். சீட்டை முன்னால் தள்ளினால் அந்தச் சுமை முட்டிக்குப் போகும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. குறைக்கலாம், அதற்குமேல் குறைத்தால் வண்டியைத் திருப்பும்போது படபடக்கும். அளவு வரும்வரை ஒரு மாதம் காத்திருங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள். தள்ளுபடிக்காகத் தப்பான அளவை வாங்குவதுபோல நஷ்டமான வியாபாரம் வேறில்லை.

52, 54 என்று பிரேமில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 52-ம் இன்னொரு கம்பெனியின் 52-ம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கம்பெனி தரும் அளவுப் பட்டியலில் ஸ்டேக், ரீச் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். பெடல்களைத் தாங்கும் இரண்டு கிராங்குகளும் சேரும் அச்சின் மையத்திலிருந்து பிரேமின் முன்பக்கக் குழாயின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். ஸ்டேக் கூடினால் நிமிர்ந்து உட்காரலாம், ரீச் கூடினால் நீட்டிப் பிடிக்க வேண்டும். முதல் சைக்கிளுக்கு ரேஸ் பிரேமைவிட, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவைக்கும் எண்டூரன்ஸ் பிரேம் நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேகத்தில் இழப்பது சொற்பம், முதுகு நிம்மதியாக இருக்கும்.

சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டும்வரை இழுத்துப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை அளந்து 0.883 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. வந்தால் 70.6 செ.மீ. அதே கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய தூரம் இது. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய முறை. இதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்த்து அரை செ.மீ. ஏற்றி இறக்குங்கள். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். நின்றால் சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்பதுதான் ரோடு பைக் பழக்கம்.

பின்புறம் வலிக்கிறது என்று மெத்தை மாதிரி ஜெல் சீட் கவர் வாங்குவது அடுத்த தவறு. மெத்தையில் எலும்பு அமுங்கி, மென்மையான பகுதிகள்மேல் அழுத்தம் ஏறி மரத்துப்போகும். உட்காரும் எலும்புகளின் அகலத்துக்கு ஏற்ற, ஓரளவு கெட்டியான சீட், பேடு வைத்த ஷார்ட்ஸ், இந்த இரண்டும் போதும். அந்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக்கூடாது. தையல் உராய்ந்து புண்ணாகிவிடும்.

நம்ம ஊர் ரோடு

எடையைப் பற்றி இவ்வளவு கவலை தேவையில்லை. போட்டிகளில் சர்வதேசச் சைக்கிள் சங்கம் அனுமதிக்கும் குறைந்தபட்ச எடையே 6.8 கிலோ. அலுமினிய பிரேமில் வரும் ஆரம்பநிலை சைக்கிள்கள் 10, 11 கிலோ இருக்கும். 70 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு அந்த ஒரு கிலோ வித்தியாசம் சமதளத்தில் தெரியவே தெரியாது. அந்தப் பணத்தை டயரில் போடுங்கள்.

பல வருடங்களாக 23 மி.மீ. டயர்தான் வேகம் என்று சொல்லிவந்தார்கள். இன்று தொழில்முறை வீரர்களே 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். கரடுமுரடான ரோட்டில் அகல டயர் குதிக்காமல் உருளும், அதனால் வேகமும் குறைவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழவழப்பாக இருக்கலாம்; அதிலிருந்து ஊருக்குள் திரும்பும் ரோட்டில் ஒட்டுப்போட்ட தாரும், மணலும், பெயிண்ட் அடிக்காத வேகத்தடையும் காத்திருக்கின்றன. வாங்கும்போதே "இதில் 28 போகுமா, 32 போகுமா?" என்று கேளுங்கள். பிரேமும் பிரேக்கும் இடம் தராவிட்டால் பின்னால் மாற்றவே முடியாது.

காற்று விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் அதிகம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. அதையே அளவாக எடுத்துக்கொண்டு 110, 120 பிஎஸ்ஐ அடித்துவிட்டுக் கை மரத்துப்போகிறது என்கிறார்கள். 70 கிலோ ஆளுக்கு, டியூப் போட்ட 28 மி.மீ. டயரில் பின்னால் 70 பிஎஸ்ஐ பக்கம், முன்னால் அதைவிட நாலைந்து குறைவாக அடித்துத் தொடங்கலாம். குறைத்தாலும் ஆபத்து உண்டு. காற்று கம்மியாக இருக்கும்போது பள்ளத்தில் விழுந்தால் டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். ரோடு பைக் டியூபில் காற்று தானாகவே மெல்லக் கசியும், பஞ்சர் வேண்டியதில்லை. அதனால் வாரம் ஒருமுறையாவது அளவு காட்டும் பம்பில் அடியுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்து எதுவும் தெரியாது.

அப்புறம் வால்வு. ரோடு பைக்கில் பெரும்பாலும் ஒல்லியான பிரஸ்டா வால்வு இருக்கும். தலையிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ஒருமுறை தட்டிவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். தெருமுனை சைக்கிள் கடைப் பம்பு இதில் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். டியூபையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். ஊர்க் கடைகளில் கிடைக்கும் 28 அங்குல டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ., ரோடு பைக்கின் 700சி ரிம்முக்கு 622 மி.மீ. அந்த டயர் இதற்குச் சேரவே சேராது, அந்த டியூபும் அகலம் கூடியது. வெளியே போனால் இரண்டு டியூப் கையில் வேண்டும்.

பஞ்சரானால் புது டியூபை மாட்டும் அவசரத்தில் காரணத்தைத் தேடாமல் விடுவது அநியாயமாக அடிக்கடி நடக்கிறது. சீமைக்கருவேல முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித் துண்டும் அப்படித்தான். டயரின் உட்புறத்தை ஒரு சுற்று முழுக்க, மெதுவாக, விரலால் தடவிப் பாருங்கள். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால் டயரில் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

மலை ஏறும் ஆசை இருந்தால் கியரின் பற்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். மொத்தம் எத்தனை கியர் என்பதைவிட, கடைசிக் கியர் எவ்வளவு லேசானது என்பதுதான் கேள்வி. முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 3.3 மீட்டர் நகரும். முன்னால் 34, பின்னால் 32 என்றால் 2.2 மீட்டர்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ மூச்சு வாங்கும்போது இந்த வித்தியாசம் உயிர் கொடுக்கும். ஷிமானோ கம்பெனியின் கியர் செட்டுகளில் கிளாரிஸுக்குப் பின்சக்கரத்தில் 8 பல்சக்கரம், சோராவுக்கு 9, டியாக்ராவுக்கு 10. கிளாரிஸே முதல் சைக்கிளுக்குத் தாராளமாகப் போதும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக்கூடாது. ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெட்டியில் வந்து கடையில் பூட்டிய சைக்கிளை அப்படியே நம்பி ஓட்டிவிடாதீர்கள். ரோடு பைக் பழக்கமில்லாத கடையில் முன் ஃபோர்க்கையே திருப்பி மாட்டிக் கொடுப்பதுண்டு. ரிம் பிரேக் வண்டியில் முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். பிரேம் பக்கம் இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது. சக்கரத்தைச் சட்டென்று கழற்ற உதவும் க்விக் ரிலீஸ் லீவரை நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்குவதும் தவறு. லீவரை மடக்கும்போது பாதி வழியில் எதிர்ப்பு தொடங்க வேண்டும், மூடி முடிக்கும்போது உள்ளங்கையில் அச்சு பதிய வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்புறம் சுற்றும். தெரியாமல் பலமாகத் திருகினால் கிராங்க் மரையே போய்விடும்.

முதல் சில வாரங்களில் கியர் தயங்கி விழும். கேபிளும் அதன் உறையும் தன் இடத்தில் அமர்வதால் வருவது இது. செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டிரெய்லியரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை, பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். எச், எல் என்று குறியிட்ட இரண்டு திருகுகளைத் தொடாதீர்கள். அவை செயின் ஓரம் தாண்டாமல் காக்கும் எல்லைகள். எல் திருகு தளர்ந்தால் செயின் ஸ்போக் கம்பிக்குள் விழும்.

பராமரிப்பில் அதிகம் பாழாவது செயின்தான். கிரீஸ், என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் என்று கையில் கிடைத்ததைப் பூசி, கருப்பாக வழிய வழிய விடுகிறார்கள். எண்ணெய் வேலை செய்வது செயின் உருளைகளுக்கு உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்துவைத்துப் பற்களை அராவும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது, ஆனால் அந்தச் சாதாரண ஸ்ப்ரே செயினில் நிலைத்து நிற்கும் எண்ணெய் இல்லை. செயினை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து, கை கருப்பாகாத அளவுக்கு வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தக் கடைசித் துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் ஒரு சொட்டுகூட டிஸ்க்கில் படக்கூடாது. பட்டால் பிரேக் பேடு எண்ணெயைக் குடித்துக் கத்த ஆரம்பிக்கும், பிடிப்பும் போய்விடும்.

செயின் தேய்வதை அளக்க ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு ஊசியிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஊசிவரை சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் 11, 12 பல்சக்கர வண்டியில் உடனே மாற்ற வேண்டும். 8 முதல் 10 வரை உள்ளதில் இன்னும் கொஞ்சம் ஓட்டலாம். எட்டில் ஒரு அங்குலம் ஆகும்வரை விட்டால் பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு இரண்டு மூன்று மடங்கு.

கழுவும்போது வாட்டர் சர்வீஸ் பிரஷர் பைப்பைப் பக்கத்திலேயே விடாதீர்கள். சக்கர நடுவிலுள்ள ஹப், ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்குகளுக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸை அடித்துவிடும். வாளித் தண்ணீர், ஈரத் துணி போதும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்றைவிட நம் வியர்வை மோசம். அது சொட்டுகிற ஸ்டெம் போல்ட்டுகளையும் ஹெட்செட்டையும் ஓட்டி வந்ததும் துடைத்துவிடுங்கள்.

பழைய சைக்கிள் வாங்குவதானால்

நல்ல பழைய அலுமினிய சைக்கிள் முதல் வண்டிக்கு அருமையான தேர்வு. கார்பன் பிரேம் மட்டும் வேண்டாம். விழுந்து உள்ளே விரிசல் விட்டிருந்தால் பெயிண்டுக்கு மேலே தெரியாமலும் போகலாம். ரிம் பிரேக் வண்டியில் ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவுங்கள், குழிந்திருந்தால் சக்கரத்தின் ஆயுள் முடிந்தது. வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள்: டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரமும் கேசட்டுக்கு நேர்கீழே செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் அதைப் பிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. ஹேங்கர் விலை குறைவு, ஆனால் அந்த மாடலுக்குரியதே வேண்டும். கிடைக்குமா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கிராங்க் அச்சுக்கு அடியில் பிரேமில் வெட்டியிருக்கும் நம்பரையும் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பரைச் சுரண்டியிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.