டிடிஎஸ் மீட்டர் 150 காட்டுனா தண்ணி சுத்தமா?

மதுரைல போர் தண்ணின்னாலே உப்பு, அதனால வீட்டுக்கு வீடு டிடிஎஸ் மீட்டர் இருக்கு, 150 காட்டுனா கண்ண மூடிக்கிட்டு குடிக்கிறாங்க. ஆனா அது கரைஞ்ச உப்பத்தான் தோராயமா சொல்லும், கிருமி அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால மொதல்ல கிருமியா கெமிக்கலான்னு பிரிச்சுக்கோங்க, ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

மாநகராட்சி குழாய்னா கிருமி மேலதான் மொத சந்தேகம். குளோரின் போட்டுத்தான் விடுறாங்க, ஆனா தண்ணி நிறுத்துன நேரத்துல பைப்ல பிரஷர் இருக்காது, எங்கயாச்சும் விரிசல் இருந்தா பக்கத்து சாக்கடைய உள்ள இழுத்துக்கும். அதனால திறந்ததும் வர்ற மொத கலங்கல சம்புக்குள்ள விடாம வெளிய விட்டுருங்க.

கிருமி இருக்கான்னு வீட்லயே டெஸ்ட் பண்ண எச்டூஎஸ் பாட்டில்னு (கிருமி இருந்தா நிறம் மாறுற மருந்து போட்ட சின்ன பாட்டில்) கேட்டு வாங்குங்க, உள்ள கை படாம கோடு வரைக்கும் ரொப்பி ஒரு நாள் ரெண்டு நாள் வைங்க (நம்மூரு வெக்கையே போதும், தனியா சூடு வேணாம்). கருப்பாயிட்டா மலக்கிருமி கலந்திருக்குன்னு வச்சுக்கோங்க. அப்போ குடிக்கிற தண்ணி தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்கணும். சம்ப கழுவிட்டு, 1000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர வாளில கரைச்சு, சுண்ணாம்பு அடில தங்குனப்புறம் தெளிஞ்சத மட்டும் ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. பழைய பவுடர்ல வீரியம் இருக்காது.

போர் தண்ணில கிருமி வராதுன்னு இல்ல, ஆனா கெமிக்கலையும் பாக்கணும். பாறைல இருந்து ஃபுளோரைடு, செப்டிக் டேங்க்ல இருந்தும் வயலுக்குப் போடுற யூரியால இருந்தும் நைட்ரேட். நிறம் கெடையாது, வாசன கெடையாது, கொதிக்க வச்சா தண்ணி சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யூவி எதுவும் இதுக்கு ஆகாது, ஆர்ஓ தான். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து ரிப்போர்ட் வாங்குங்க, லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 45 தாண்டக்கூடாது. நைட்ரேட் தாண்டுனா கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணில பால் பவுடர் கலக்கவே கலக்காதீங்க, ரத்தத்துல ஆக்சிஜன் ஓடாம உடம்பு நீலம் பாரிச்சுரும்.

கிருமி டெஸ்டுக்கு லேப்ல குடுக்கிற பாட்டில்லதான் பிடிக்கணும், கூல்டிரிங்ஸ் பாட்டில் வேணாம், ஐஸ் வச்சு அன்னைக்கே கொண்டு போயிருங்க. கோடைல ஒண்ணு, ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒண்ணு பாருங்க, ஒரே போருக்கே ரிப்போர்ட் மாறும்.