நாடக போஸ்டருக்கு பிரேம்: எங்கே செலவழிக்கலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்

நாடகம் பார்த்துவிட்டு ஆசையாக வாங்கிய போஸ்டர் அட்டைக் குழாய்க்குள் வருஷக்கணக்கில் சுருண்டு கிடக்கிறதா? பிரேம் போட விசாரித்தால் போஸ்டர் விலையைப்போலப் பல மடங்கு சொல்கிறார்கள், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுவிடுகிறோம். ஒன்றே ஒன்றில் கறாராக இருந்தால் போதும், செலவு நிறையக் குறையும். போஸ்டரைத் தொடுகிற பொருள் எதுவோ அதில் கஞ்சத்தனம் கூடாது, தொடாததில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். பளபளக்கிற பிரேம் கட்டை போஸ்டருக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை, பணம் என்னவோ அங்கேதான் போகிறது.

முதலில் அளவு. நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கு அச்சிடும் 'விண்டோ கார்டு' போஸ்டர் 14×22 அங்குலம். பிரிட்டனில் பழகிய 'டபுள் கிரவுன்' போஸ்டர் 20×30. உங்கள் போஸ்டருக்கு அச்சு அசலாக அளவெடுத்துப் பிரேம் செய்யச் சொன்னால் பில் ஏறும். அதற்குப் பதில் ரெடிமேடாகக் கிடைக்கும் அடுத்த பெரிய அளவை வாங்கி, நடுவே ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டை (போஸ்டரைச் சுற்றி ஓரமாகத் தெரியும் கனமான அட்டை) வையுங்கள். 14×22 போஸ்டரை 22×28 பிரேமில் வைத்தால் பக்கவாட்டில் 4 அங்குலமும் மேலும் கீழும் 3 அங்குலமும் ஓரம் கிடைக்கும். 20×30 போஸ்டருக்கு 24×36 பிரேம். ஜன்னலை மட்டும் போஸ்டரைவிட ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் சின்னதாக வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போஸ்டர் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். ஓரத்தில் கையெழுத்தோ அச்சகத்தின் பெயரோ இருந்தால் அது மறைகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரேம் கிடைத்தால் இன்னும் நல்லது, யாரோ மாட்டியிருந்த அசிங்கமான படத்துக்காக அதை ஒதுக்காதீர்கள், நமக்கு வேண்டியது கட்டையும் கண்ணாடியும்தான். உள்ளே இருக்கும் பழுப்பு அட்டையை மட்டும் கண்டிப்பாகத் தூக்கிப் போடுங்கள். மட்டமான அட்டையில் அமிலம் இருக்கும், நாளாக ஆக அது போஸ்டருக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நிற்கும். பின்னட்டையும் மவுண்ட் போர்டும் 'அமிலமற்றது' என்று குறிப்பிட்டதாக இருக்கட்டும். காசு போக வேண்டிய இடம் இதுதான்.

கண்ணாடி போஸ்டரை ஒட்டி உட்காரக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு போஸ்டரை மவுண்ட் போர்டு இல்லாமல் நேராகக் கண்ணாடியில் அழுத்தி மாட்டினேன், ஒரு மழைக்காலம் போனதும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் ஈரமாக இருப்பதுபோல மினுமினுத்தது. பிரித்துப் பார்த்தால் மை கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. மெதுவாகத்தான் தூக்கினேன், ஆனாலும் தலைப்பில் ஒரு எழுத்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது, இப்போது படித்தால் வேறு ஏதோ நாடகத்தின் பெயர் மாதிரி இருக்கிறது. குளிரும் சூடும் மாறும்போது கண்ணாடியின் உட்பக்கத்தில் ஈரம் படியும், அதுதான் காரணம். மவுண்ட் போர்டின் கனமே அந்த இடைவெளியைக் கொடுத்துவிடும். அது வேண்டாம் என்றால் அதே போர்டிலிருந்து மெல்லிய பட்டைகளை வெட்டி, பிரேம் விளிம்பு மறைக்கிற இடத்தில் கண்ணாடியின் ஓரமாகச் சுற்றி ஒட்டுங்கள்.

பெரிய போஸ்டருக்குக் கண்ணாடியைவிட அக்ரிலிக் ஷீட் தேவலை. கனம் குறைவு, விழுந்தாலும் நொறுங்காது. ஆனால் சட்டென்று கீறல் விழும், தூசியை இழுக்கும், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் மங்கிப்போகும். லேசாக நனைத்த மெத்தென்ற துணி போதும்.

சுருண்ட போஸ்டரை எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள். இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு பலகை, அதன் மேல் கனமான புத்தகங்கள் என்று நாலைந்து நாள் விட்டால் தானாகப் படியும். தொட்டாலே நொறுங்குகிற பழைய தாளென்றால் நீங்கள் கை வைக்காமல் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் சரி.

அடுத்தது ஒட்டுவது. செல்லோ டேப், மாஸ்கிங் டேப், சாதாரணப் பசை எதுவும் போஸ்டரில் படக் கூடாது, டேப்பின் பசை மஞ்சளாகி முன்பக்கம் வரைக்கும் ஊறும். அமிலமற்ற தாளில் மூலை உறை செய்துகொள்ளுங்கள். ஒரு அங்குல அகலம், நாலு அங்குல நீளத்தில் பட்டை வெட்டுங்கள். படுக்கையாக வைத்து இரண்டு முனைகளையும் நடுவில் சந்திக்கும்படி கீழ்நோக்கிச் சரிவாக மடித்தால் அம்பு முனை மாதிரி ஒரு முக்கோணம் வரும், கீழே தொங்கும் வால்களைப் பின்னட்டையில் டேப் போட்டு ஒட்டுங்கள். போஸ்டரின் மூலை இந்தப் பைக்குள் சும்மா செருகி நிற்கும், ஒட்டாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள், ஈரப்பதம் ஏறினால் தாள் விரியும், இடமில்லாவிட்டால் நடுவில் அலையலையாக எழும்பும். மிகப் பெரிய, மெல்லிய தாளுக்கு மூலைகள் மட்டும் தாங்காது. அதற்கு மேல் விளிம்பில் ஜப்பானிய வாஷி தாள் துண்டுகளைக் கோதுமை மாவுச் சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவார்கள், தண்ணீர் காட்டினால் அந்தப் பசை விட்டுவிடும்.

பிரேம் போடும் இடத்தில் 'சூடு காட்டி போர்டில் ஒட்டிவிடலாம், சுருக்கமே இருக்காது' என்று ஆசை காட்டுவார்கள். மறுபதிப்பென்றால் தாராளமாகச் செய்யுங்கள். சேகரிப்புப் போஸ்டரென்றால் வேண்டவே வேண்டாம், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு, மதிப்பும் போய்விடும்.

மாட்டும் இடம் பற்றி: நேர் வெயில் படும் சுவர், ஓதம் ஏறும் வெளிச்சுவர், சமையலறை, குளியலறை நான்கும் கூடாது. வெயிலில் முதலில் சிவப்பும் மஞ்சளும்தான் போகும், அதனால்தான் பழைய போஸ்டர்கள் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற அக்ரிலிக் உதவும், ஆனால் சாதாரண வெளிச்சமும் நிறத்தைத் தின்னத்தான் செய்யும். ஸ்கெட்ச் பேனாவில் போட்ட நடிகர்களின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் மறையும். அப்படிப்பட்டதை நான் மாட்டுவதே இல்லை. நல்லதாக ஒரு ஸ்கேன் எடுத்து நகலை மாட்டிவிட்டு, அசலைப் பாலியஸ்டர் உறையில் படுக்கையாக வைத்திருக்கிறேன். பிவிசி உறை வேண்டாம். ஏமாற்று வேலை என்று நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிரேமின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வந்தால் பார்வைக்கு வாகாக இருக்கும். ஒரே ஆணிக்குப் பதில் இரண்டு கொக்கி அடித்தால் பிரேம் சாயாது. பின்பக்கத்தின் கீழ் மூலைகளில் சின்ன கார்க் துண்டு ஒட்டுங்கள், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும்.

பத்து போஸ்டர் இருந்தால் பத்து பிரேம் வேண்டியதில்லை. ஒரே அளவில் இரண்டு பிரேம் வாங்கி நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போடுங்கள், மற்றவை இருட்டில் ஓய்வெடுக்கட்டும். எதை எப்போது மாட்டினோம் என்பது மறந்துபோகும், அதனால் தேதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள், பிரேம் கட்டையின் பின்னால், போஸ்டரில் அல்ல.