வகைப்பெயரைப் பிரித்துப் பொருள் காண்பது எப்படி?

ஒரு பொருளின் வகைக்குப் பெயரிட வேண்டுமானால், பொதுப்பெயர் ஒன்றை எடுத்து அதனோடு ஓர் அடையை, அதாவது அதை வேறுபடுத்திக் காட்டும் சொல்லை, சேர்ப்பது பல மொழிகளுக்கும் பொதுவான வழக்கம். அத்தகைய பெயரைக் காணும்போது, அதில் பொதுப்பெயர் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழில் அது பெரும்பாலும் இறுதியில் நிற்கும்; நாட்டுக்கோழி என்பது கோழியைக் குறிக்கும், நாட்டை அன்று. சீனத்திலும் இதே வரிசைதான்: ரயிலை அவர்கள் ‘ஹுவோ சே’, அதாவது தீ வண்டி, என்பார்கள். மலாயில் அதே கருத்து ‘கெரேத்தா ஆப்பி’ என வண்டி முன்னும் தீ பின்னுமாக மாறி நிற்கிறது.

அடுத்து, அது வகைப்பெயரா, வெறும் வருணனையா என்று சோதிக்க வேண்டும். நிறத்தைக் குறிக்கும் அடையானால், அதற்கு மாறான நிறத்தை முன்னே வைத்துப் பாருங்கள். ‘கறுப்பு வெள்ளாடு’ என்பதில் ஆடு வளர்ப்பவர் எவரும் முரண் காண்பதில்லை. ‘கறுப்பு வெள்ளை ஆடு’ என்றாலோ இருநிற ஆடு என்றாகிவிடும். ஆங்கிலத்தில் ‘பிளாக்பேர்ட்’ என்று முதற்பகுதியை அழுத்திச் சொன்னால் அது ஒரு பறவையினத்தின் பெயர். அவ்வினத்தின் பெண் பறவை பழுப்பு நிறம்.

அடைக்கும் பெயருக்கும் உள்ள உறவைக் காண்பதுதான் கடினமான பகுதி. தேங்காய் எண்ணெய் தேங்காயிலிருந்து எடுக்கப்படுவது. விளக்கெண்ணெயோ விளக்குக்கு ஊற்றப்பட்டது. உறவைச் சொல்லும் உருபும் இடைச்சொற்களும் மறைந்திருப்பதால், இவற்றை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இலக்கணம் கூறும். மறைந்ததை விரித்துச் சொல்லிப் பார்ப்பதே இங்கு வழி. எழுதும்போது ‘நாட்டு கோழி’ என்று கடைப்பலகைகளில் காணும் பிழையைத் தவிர்த்து, வல்லினம் மிகுத்துச் சேர்த்தெழுதுங்கள். ஆனால் ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகைகளில், அதாவது காலம் காட்டாத வினை பெயரோடு சேர்ந்த தொகைகளில், வல்லினம் மிகாது.

பொதுப்பெயரையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. எண்ணெய் என்பதே எள்ளின் நெய். அச்சொல் மண்ணெண்ணெய் வரை பரந்துவிட்டதால், எள்ளின் நெய்க்கே ‘நல்லெண்ணெய்’ என்று தனி அடை வேண்டியதாயிற்று. ‘ஆயில்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஆலிவ் எண்ணெயைக் குறித்த ‘ஓலியம்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. இன்று ஆங்கிலேயரும் ‘ஆலிவ் ஆயில்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.