செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: அப்போது செய்யக்கூடாதவை

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் பலரும் "இதோ பிடிச்சிடும்" என்று சாவியை விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார்கள். தயவுசெய்து முதலில் அதை நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு 5 விநாடி, மிஞ்சிப்போனால் 10 விநாடி, அப்புறம் அரை நிமிஷமாவது இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறும், நன்றாக இருந்த பேட்டரியும் இறங்கிவிடும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் கெடுக்கும். கன்வெர்ட்டர் கெடும் என்பதால்தான் பெட்ரோல் காரை நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம் என்கிறேன்.

அடுத்த தவறு, பேட்டரி மேல் பழி போடுவது. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் பெரும்பாலும் பயன் இருக்காது. பெட்ரோல் வரவில்லையா, ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் வரவில்லையா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கக் காது போதும். ஏசி ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ங்ங்ங்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். என் மைத்துனர் காரில் அந்தச் சத்தம் வரவில்லை. பம்ப் போய்விட்டது, டேங்கை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஒரு நிமிஷம் என்று பானெட்டைத் திறந்து ஃப்யூஸ் பெட்டியில் பார்த்தால், பம்ப் ஃப்யூஸின் நடுக்கம்பி அறுந்து, பிளாஸ்டிக் லேசாகக் கருகியிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒயர் ஒன்றை எலி கடித்துத் தாமிரம் வெளியே தெரிந்தது. ஒயரைச் சரிசெய்து அதே ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டதும் பம்ப் ஓடியது. அதிக ஆம்பியர் ஃப்யூஸையோ வெறும் கம்பியையோ மட்டும் அங்கே செருகிவிடாதீர்கள், ஒயரே தீப்பிடிக்கும்.

பம்ப் ஓடுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? டேஷ்போர்டைப் பாருங்கள். சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம், இன்ஜினைக் கழற்றுவது வீண்வேலை, மாற்றுச் சாவியை எடுத்து முயன்று பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளிகூட அசையவில்லை என்றால் பல கார்களில், இன்ஜின் சுற்றுவதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பக்கம் சந்தேகம் போக வேண்டும். பெட்ரோல் நாற்றம் தூக்கலாக அடித்தால் இன்ஜின் ஃப்ளட் ஆகியிருக்கும், அதாவது உள்ளே பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். அப்போது ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாமல், ஒரே மிதியாகக் கடைசிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில்தான் செலவு பெரிது. செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று இசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் அந்த நிலையில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். இன்னொரு தடவை அடித்துப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், சாவியை எடுத்துவிட்டு ரெக்கவரி வண்டிக்குச் சொல்லுங்கள்.