வாத்து பிளேக்கா, காலராவா? உணவுக்குழாயைத் திறந்து பாருங்கள்

மேய்ச்சல் வாத்துகள் சாகத் தொடங்கினால் எல்லாரும் முதலில் காலரா (பறவைகளுக்கு வரும் பாக்டீரியா நோய்) என்றுதான் நினைப்போம். ஆன்டிபயாடிக் கொடுத்து 3 நாளாகியும் சாவு நிற்கவில்லையா? வாத்து பிளேக்கைச் சந்தேகப்படுங்கள். இது ஹெர்பஸ் வகை வைரஸ், அந்த மருந்துக்கு மசியாது.

செத்த வாத்தை அறுத்துப் பார்க்கக் கத்தியை எடுக்குமுன் ஒன்று. கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, பக்கத்தில் கோழியும் காக்கையும் செத்துக் கிடந்தாலோ பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். அறுக்கவே வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிளேக் கண்ட வாத்து வெளிச்சத்துக்குக் கூசி, இமை ஒட்டிப்போய் நிற்கும். பச்சையாகத் தண்ணீர்போல் கழியும். செத்த ஆண் வாத்துக்குக் குறி வெளியே தள்ளியிருக்கும்.

ஈரலில் வெள்ளைப் புள்ளி காலராவிலும் வரும், அதனால் ஈரலை மட்டும் நம்புவதை நான் விட்டுவிட்டேன். உணவுக்குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து கழுவுங்கள். பிளேக் என்றால், மடிப்புகளின் போக்கிலேயே மஞ்சள் பொருக்கு வரிவரியாக ஓடும். சுரண்டினால் அடியில் புண் தெரியும். குடலில் மோதிரம் மாட்டியதுபோல் சிவப்பு வளையங்கள், வெளியிலிருந்தே தெரியும்.

உறுதிசெய்ய, அன்றே செத்த வாத்தின் ஈரல், மண்ணீரல் துண்டுகளைத் தனித்தனி டப்பாவில் ஐஸ் வைத்துப் பிசிஆர் (வைரஸின் மரபணுவைக் கண்டுபிடிக்கும்) சோதனைக்கு அனுப்புங்கள். ஃபார்மலினில் (பதப்படுத்தும் திரவம்) போட்டால் வைரஸை வளர்த்துப் பார்க்க முடியாது. கூடவே இதய இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஒரு ஸ்மியர். இரு முனையும் சாயமேறிய பாக்டீரியா தெரிந்தால் காலராவும் சேர்ந்திருக்கிறது.

நோய் தெரியாத வாத்துகளைப் பிரித்து, வேறு தண்ணீருக்கு மாற்றி, உடனே பிளேக்குக்கான உயிர்த் தடுப்பூசி (வீரியம் குறைத்த வைரஸ்) போடுங்கள். வாத்துக்கு வாத்து ஊசியை மாற்றாமல் போட்டால் நோயை நாமே கடத்துவோம்.